கையடக்க ரெக்கோடரில் பதிந்த குரலைக் கணினியில் திருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் குரல் பதிகிறவர்கள் இப்போது நிறையப் பேர். கோயில் சொற்பொழிவைப் பதிகிறார்கள், தம்பலகாமத்தில் ஒரு பெரியவர் சொல்லும் ஊர்க்கதையைப் பதிகிறார்கள். வளாக மாணவர்கள் ஆய்வுக்காக மூதூர்ப் பக்கம் போய் மணிக்கணக்கில் பதிந்துகொண்டு வருகிறார்கள். பதிவது லேசு. கணினியில் போட்ட பிறகுதான் தலையிடி தொடங்கும். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே இருக்கின்றன. விண்டோஸ் கணினியையும் ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளையும் மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

ரெக்கோடரை யூஎஸ்பியில் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது. கணினியில் ஒன்றும் தெரியவில்லை. கருவி பழுதா?

பெரும்பாலும் கருவியில் பழுதிருக்காது, வயரில்தான் இருக்கும். மலிவான சார்ஜர் வயர்கள் சிலவற்றில் மின்சாரம் போகும் கம்பிகள் மட்டும் இருக்கும், தரவு போகும் கம்பிகள் இருக்காது. முதலில் வேறு வயரைப் போட்டுப் பாருங்கள். பல ரெக்கோடர்களில் செருகியவுடன் ‘ஸ்டோரேஜ்’ அல்லது ‘கார்ட் ரீடர்’ என்று ஒரு தெரிவு வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் கருவி தன்னை வெறும் மைக்காகவே கணினிக்குக் காட்டும். இரண்டும் சரிவராவிட்டால் மெமரி கார்டைக் கழற்றி கார்ட் ரீடரில் போடுங்கள். என்னைக் கேட்டால் எப்போதுமே அதுதான் தொந்தரவில்லாத வழி.

பழைய ஒலிம்பஸ், சோனி கருவிகளில் சிக்கல் வேறு. கோப்பு கண்ணுக்குத் தெரியும், திறக்காது. ஒலிம்பஸ் டிஎஸ்எஸ் என்றும் சோனி எம்எஸ்வி என்றும் தங்களுக்கே உரிய வடிவங்களில் பதிந்த காலம் ஒன்று இருந்தது. அந்தந்த நிறுவனத்தின் மென்பொருளில் திறந்து வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாக மாற்றினால்தான் மற்ற இடங்களில் பயன்படும். அதுவும் கிடைக்காவிட்டால், கருவியின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு வயர் போட்டு, ஓடவிட்டு, மறுபடி பதியலாம். கருவிக்கு உயிர் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

கார்டில் இருக்கும் கோப்பை நேரே திறந்து வேலை செய்யலாமா?

வேண்டாம். முதலில் கணினிக்குப் பிரதி எடுங்கள். எடுத்ததைத் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் கேட்டுப் பாருங்கள். அதன்பிறகுதான் கார்டை அழிப்பதைப் பற்றி யோசிக்கலாம். மூலக்கோப்பைத் தனி ஃபோல்டரில் போட்டு, அதில் கை வைப்பதில்லை என்று ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவது, துடைப்பது எல்லாம் பிரதியில்தான்.

பெயரும் அப்போதே வைத்துவிடுங்கள். கருவி தரும் ‘0007’ என்ற பெயர் ஆறு மாதம் கழித்து யாருக்கும் எதுவும் சொல்லாது. திகதி, இடம், பேசினவர் என்ற ஒழுங்கு போதும். திகதியைக் கருவி சொல்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பற்றரி முழுக்கத் தீர்ந்து மாற்றிய பிறகு சில ரெக்கோடர்களின் கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போய்விடும். பதிவைத் தொடங்கும்போது திகதியையும் இடத்தையும் வாயாலேயே சொல்லிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

எந்த மென்பொருள் நல்லது?

ஓடாசிட்டி. 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடும்போது முதலில் வரும் விளம்பர இணைப்புகள் வேண்டாத சாமான்களையும் சேர்த்து ஏற்றிவிடும். கூல் எடிட்டில் கை பழகினவர்கள் இன்னும் அதன் திருட்டுப் பிரதியைத் தேடுகிறார்கள். அந்த மென்பொருளை 2003இல் அடோபி வாங்கி ஒடிஷன் என்று பெயர் மாற்றிவிட்டது. குரல் வேலைக்கு ஓடாசிட்டி தராத எதையும் பழைய கூல் எடிட் தரப்போவதில்லை.

எம்பி3 கோப்பின் முன்னும் பின்னும் வெட்டினால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றால் எம்பி3 டைரக்ட் கட் என்ற சின்ன மென்பொருள் இருக்கிறது. மறுபடி சுருக்காமலே வெட்டும், அதனால் தரம் குறையாது. ஐபோனில் பதிந்திருந்தால் வெட்டும் வேலையைப் போனிலேயே முடிக்கலாம்.

போனில் பதிந்த கோப்பை ஓடாசிட்டி திறக்க மாட்டேன் என்கிறது.

போன்கள் பெரும்பாலும் எம்4ஏ ஆகப் பதியும், சில பழைய போன்கள் ஏஎம்ஆர் ஆகப் பதியும். இவற்றைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நூலகத்தைத் தனியாக நிறுவ வேண்டும். அதுவும் இலவசம். ஒருமுறை போட்டால் போதும்.

ஏஎம்ஆர் பற்றி ஒரு எச்சரிக்கை. அது தொலைபேசி உரையாடலுக்காகச் செய்த வடிவம். சாதாரண ஏஎம்ஆரில் ஏறக்குறைய 3,400 ஹேர்ட்ஸுக்கு (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற அளவு) மேலே ஒன்றும் இருக்காது. ‘ஸ’ ஓசையின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. அதனால் அந்தப் பதிவில் ‘ஸ’வும் ‘ஃப’வும் ஒரே மாதிரிக் கேட்கும், எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பி எடுக்க முடியாது. முக்கியமானவரைப் பதியப் போகுமுன் போனின் பதிவுச் செயலியில் தரத்தை உயர்த்தி வையுங்கள்.

வேவில் பதிவதா, எம்பி3இலா? கார்டில் இடம் காணாதே.

கணக்கைப் பார்ப்போம். 44,100 ஹேர்ட்ஸ் (இங்கே விநாடிக்கு எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை), 16 பிட், ஸ்டீரியோ வேவ் என்றால் ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 635 மெகாபைட். ஒரே ஆள் பேசுவதற்கு ஸ்டீரியோ தேவையில்லை. மோனோ ஆக்கினால் அதில் பாதி. 48,000 ஹேர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு ஜிகாபைட்டை எட்டும். அதே ஒரு மணித்தியாலம் 128 கிலோபிட் எம்பி3இல் 60 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

ஆனாலும் 32 ஜிபி கார்ட் ஒன்றில் மோனோ வேவ் நாட்கணக்கில் பதியலாமே. எம்பி3 ஆகப் பதிந்தால் பதியும்போதே ஒலியின் ஒரு பகுதி போய்விடுகிறது. திருத்திவிட்டு மறுபடி எம்பி3 ஆகச் சேமிக்கும்போது இன்னொரு பகுதி போகிறது. இரைச்சல் குறைக்கும் கருவிகளும் எம்பி3இல் அவ்வளவு சுத்தமாக வேலை செய்யாது. கூட்டக் குறிப்புக்கு எம்பி3 போதும். பாட்டனாரின் குரலுக்கு வேவ்.

நீண்ட பதிவைக் கருவி தானாகவே இரண்டு மூன்று கோப்பாகப் பிரித்து வைத்திருந்தால் பயப்படாதீர்கள். வேவ் வடிவமும் பல கார்டுகளின் கோப்பு முறையும் 4 ஜிபிக்கு மேல் தாங்காது, அதனால்தான் அப்படிச் செய்கிறது. ஒன்றன் முடிவில் மற்றதை ஒட்டினால் பேச்சு தொடரும்.

உப்புவெளிக் கடற்கரையில் ஒரு மீனவரைப் பேட்டி எடுத்தோம். காற்றுச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. எடுக்க முடியுமா?

இந்த ஊரில் இதுதான் கேள்விகளின் ராஜா. வைகாசி தொடங்கிக் கச்சான் வீசும் மாதங்களில் வெளியே பதிந்த எதுவும் இந்தச் சிக்கலோடுதான் வரும். கோணேசர் கோயில் பாறையில் நின்று பதிந்தவர்களைக் கேட்கவே வேண்டாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். காதில் கேட்ட காற்று வேறு, மைக்கில் விழுந்த ‘படபட’ வேறு. காற்று மைக்கின் மெல்லிய தகட்டில் நேரே மோதித் தள்ளுவதால் வருவது அது. அதன் பலம் முழுவதும் மிகத் தாழ்ந்த ஒலிகளில் இருக்கும். ஆண் குரலின் அடிச்சுருதிகூடப் பொதுவாக 85 ஹேர்ட்ஸுக்குக் கீழே போகாது. அதனால் ஓடாசிட்டியில் ‘ஹை-பாஸ் ஃபில்டர்’ (கொடுத்த எண்ணுக்குக் கீழுள்ள ஒலிகளைக் குறைப்பது) எடுத்து 80 அல்லது 100 ஹேர்ட்ஸ் வைத்து ஓட்டினால், குரலை அதிகம் தொடாமல் அதிர்வில் கணிசமான பங்கு போய்விடும். பெண் குரல் என்றால் 120 வரைகூட ஏற்றலாம். குரல் மெலிந்து தகரத்தில் பேசுவதுபோல ஆனால் கொஞ்சம் இறக்குங்கள்.

காற்று பலமாக அடித்து அலைவடிவத்தின் தலையும் வாலும் தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் அந்த இடத்துக்கு மருந்தில்லை. அங்கே பேசினதை எழுத்தில் கொடுத்துவிட்டு, ஒலியில் அந்தத் துண்டை விட்டுவிடுவதுதான் நேர்மை.

அடுத்த முறைக்கு: மைக்குக்கு மயிர்த்தொப்பி வாங்குங்கள், கிடைக்காவிட்டால் தடித்த ஸ்பொஞ்சாவது போடுங்கள். கருவியில் ‘லோ கட்’ (தாழ்ந்த ஒலியை வெட்டும் தெரிவு) இருந்தால் போடுங்கள். கரையில் இழுத்து வைத்த வள்ளத்தின் மறைவிலோ வாடியின் உள்ளேயோ உட்காருங்கள். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும், காற்று அப்படியே இருக்கும். கணினியில் பாதிநாள் மினக்கெட்டுச் சாதிப்பதைவிட இந்த ஒரு சாண் அதிகம் சாதிக்கும்.

கடல் அலைச் சத்தம் வேறு கதை. தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை எங்கும் பரவியிருப்பது அது. குரல் இருக்கும் அதே இடத்தில் அலையும் இருப்பதால் ஒன்றைப் பிடுங்கினால் மற்றதும் சேர்ந்து வரும். அதைத் துடைக்க ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறார்கள் என்றும் எனக்கு விளங்குவதில்லை. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பதிந்துவிட்டு, கடலை எடுத்துத் தரச் சொல்கிறார்கள். சொல் விளங்குகிறதென்றால் கடல் கிடக்கட்டும்.

வீட்டுக்குள் பதிந்தோம். ஃபேன் சத்தம் ‘உஸ்’ என்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதை எடுக்கலாம், ஏனென்றால் ஃபேன் ஒரே மாதிரிச் சத்தம் போடும். யாரும் பேசாமல் ஃபேன் மட்டும் கேட்கும் இரண்டு மூன்று விநாடியைத் தெரிவு செய்து, ‘நொய்ஸ் ரிடக்‌ஷன்’ திறந்து ‘கெட் நொய்ஸ் ப்ரொஃபைல்’ அழுத்துங்கள். பிறகு பதிவு முழுவதையும் தெரிவு செய்து அதே கருவியை மறுபடி திறந்து ஓட்டுங்கள். குறைப்பு அளவை 6 டெசிபலில் தொடங்குங்கள், 12ஐத் தாண்டாதீர்கள்.

தாண்டினால் என்ன? குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகும். சொல்லின் கடைசியில் தேயும் மூச்சு, மெல்லிய ‘ஸ’, வயதானவர்களின் கரகரப்பு எல்லாம் இரைச்சல் என்று எண்ணப்பட்டு அடிபட்டுப் போகும். அதே பெட்டியில் ‘ரெசிடியூ’ என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் எடுக்கப்படப் போகும் ஒலியை மட்டும் கேட்கலாம். அதில் சொற்கள் காதில் விழுந்தால் நீங்கள் ஆளையே துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அளவைக் குறையுங்கள். இதை ஹெட்போனில் கேட்டுச் செய்யுங்கள், லாப்டொப் ஸ்பீக்கரில் பாதி தெரியாது.

இதற்காகவே பதியும் ஒவ்வொரு இடத்திலும் பேச்சுத் தொடங்குமுன் பத்து விநாடி எல்லோரும் சும்மா இருந்து அறையின் சத்தத்தைப் பதிந்துகொள்ளுங்கள். அந்தப் பத்து விநாடி பிறகு வெட்டுகளை ஒட்டவும் உதவும்.

ஃபேன் இல்லை, ஆனாலும் ‘ம்ம்ம்’ என்று ஒரு இழுப்பு.

கோயில் அல்லது மண்டப மிக்சரிலிருந்து வயர் போட்டுப் பதிந்தீர்களா? அது மின்சார இரைச்சல். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் இரைச்சல் 50, 100, 150 என்ற இடங்களில் நிற்கும். ‘நொச் ஃபில்டர்’ (கொடுத்த எண்ணில் நிற்கும் ஒலியை மட்டும் குறைப்பது) எடுத்து அந்த எண்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து ஓட்டுங்கள். வெளிநாட்டு வீடியோ பார்த்து 60 என்று போட்டால் ஒன்றும் நடக்காது. லாப்டொப்பில் நேரே பதியும்போது இது வந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

நாதஸ்வரம் தொடங்கியதும் பதிவு கிழிந்துவிட்டது.

அளவை மிஞ்சிப் பதிந்ததன் விளைவு. ‘கிளிப் ஃபிக்ஸ்’ கொஞ்சம் ஒட்டுப்போடும், அவ்வளவுதான். பதியுமுன் மேளம் உச்சத்தில் அடிக்கும்போது அளவுமானி −12 டெசிபலுக்குப் பக்கத்தில் நிற்கும்படி வையுங்கள். குறைவாகப் பதிந்ததைக் கூட்டலாம், வெட்டுப்பட்டதை வளர்க்க முடியாது. 32-பிட் ஃப்ளோட் என்று போட்டு வரும் புதிய ரெக்கோடர்களில் இந்தத் தொல்லை பெரிதும் இல்லை. விலை கூட, அடிக்கடி கோயில் பதிகிறவர்களுக்குப் பெறுமதி.

கேள்வி கேட்டவரின் குரல் பெரிதாகவும் அம்மம்மாவின் குரல் சிறிதாகவும் இருக்கிறது.

எல்லோரும் செய்வது, பெரிய ஒலிக்கும் சிறிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் ‘கொம்ப்ரஸர்’ கருவியை முழுவதற்கும் போடுவது. அது ஃபேன் சத்தத்தையும் சேர்த்துத் தூக்கிவிடும். நான் சொல்வது மெதுவான வழி: ‘என்வலப்’ கருவியால் கேள்வி வரும் இடங்களைக் கையால் தாழ்த்துங்கள். பிறகு, இரைச்சலைக் குறைத்த பின்னால், லேசாகக் கொம்ப்ரஸர். கடைசியில், முழுப் பதிவின் சத்தத்தை ஒரு அளவுக்குக் கொண்டுவர ‘லவுட்னஸ் நோர்மலைசேஷன்’. ஒலியோடை (பொட்காஸ்ட்) நிகழ்ச்சிகளுக்கு ஸ்டீரியோ −16, மோனோ −19 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவு) என்பது பரவலான வழக்கம். வீட்டுப் பதிவுக்கு இந்த எண்ணில் பிடிவாதம் வேண்டாம்.

எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது?

இருமல், கதவுச் சத்தம், நடுவில் வந்த போன், தேத்தண்ணி கொண்டுவந்தவரோடு பேசினது: தாராளமாக வெட்டுங்கள். ‘அது வந்து’, ‘என்னெண்டா’ போன்றவற்றை எல்லாம் பிடுங்கி எடுப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வரும். பெரியவர் ஒருவர் ஒரு பெயரை நினைவுபடுத்த நான்கு விநாடி எடுத்தால் அந்த நான்கு விநாடியும் பதிவின் பகுதி. பாதியாக்கலாம், பூச்சியமாக்க வேண்டாம். கேள்வியை எடுத்துவிட்டு வேறொரு பதிலை முன்னே ஒட்டுவது திருத்தம் இல்லை, புரட்டு.

வெட்டும் இடத்தில் ‘டிக்’ என்று கேட்டால், தெரிவு செய்தபின் இசட் விசையை அழுத்துங்கள். வெட்டு அலை பூச்சியத்தைக் கடக்கும் புள்ளிக்கு நகரும். இரண்டு வாக்கியத்துக்கு நடுவே முழு மௌனம் விழுந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். அங்கேதான் முன்பு சொன்ன அறைச் சத்தத்திலிருந்து ஒரு துண்டை வைக்க வேண்டும்.

மூன்று மணித்தியாலப் பதிவு. தேவையான இடத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

முதல் தடவை கேட்கும்போதே அடையாளம் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோலும் எம்மும் சேர்த்து அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு லேபல் விழும். ‘சுனாமி’, ‘கல்யாணம்’, ‘தோணி’ என்று தமிழிலேயே எழுதலாம். பிறகு லேபல்களை நேரத்தோடு எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்கலாம், அதுவே பொருளடக்கம்.

எழுத்தாக்கத்துக்குக் கூகுள் டொக்ஸின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் இருக்கிறது. ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பரும் தமிழ் எடுக்கும், இணையமில்லாமல் கணினியிலேயே ஓடும். செய்தி வாசிக்கும் தமிழில் இவை ஓரளவு போகும். எங்கள் பேச்சில், அதுவும் இரண்டு பேர் ஒன்றாகப் பேசும்போது, தடுமாறும். முதல் வரைவு என்று எடுத்துக்கொண்டு, விஎல்சி என்ற இலவச பிளேயரில் வேகத்தைக் குறைத்து வைத்துக் கேட்டுத் திருத்துங்கள். விஎல்சி வேகத்தைக் குறைத்தாலும் சுருதியைக் குறைக்காது.

கிண்ணியாவிலிருந்து: வாப்பா சவூதியில் இருந்தபோது பேசி அனுப்பிய கசெட்டுகள் இருக்கின்றன. இதே முறையில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் ஓடும் நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டும். 60 நிமிட கசெட்டுக்கு 60 நிமிடம். பல லாப்டொப்களில் இருக்கும் ஒற்றைத் துளை ஹெட்செட் மைக்குக்கானது, பிளேயரின் ஒலியை அது தாங்காமல் கிழிக்கும். லைன் இன் (பிளேயர் போன்ற கருவிகளின் ஒலியை வாங்கும் துளை) உள்ள யூஎஸ்பி ஒலி அடாப்டர் ஒன்று வாங்குங்கள். முதலில் பிளேயரின் ஹெட்டைத் துடையுங்கள். நாடாவை ஒருமுறை முன்னும் பின்னும் முழுக்கச் சுற்றிவிட்டுப் பதியுங்கள். பூஞ்சணம் பிடித்த நாடாவை ஓடவிட வேண்டாம், தெரிந்தவரிடம் காட்டுங்கள். காப்பகங்கள் கசெட்டை 24 பிட்டில், 48,000 ஹேர்ட்ஸுக்குக் குறையாமல் பதிகின்றன. வீட்டிலும் அப்படியே செய்யலாம்.

சேவ் செய்தேன், தம்பியின் போனில் திறக்கவில்லை.

நீங்கள் சேவ் செய்தது ஓடாசிட்டியின் வேலைக் கோப்பு, முடிவு ஏயூபி3 என்றிருக்கும். அது ஒலிக்கோப்பு இல்லை. ‘எக்ஸ்போர்ட்’ போய் வேவ் அல்லது எம்பி3 எடுங்கள். பேச்சுக்கு மோனோ 64 கிலோபிட் எம்பி3 போதும், மணித்தியாலத்துக்கு 30 மெகாபைட்டுக்குள். வட்ஸ்அப்பில் ‘டொக்கியுமெண்ட்’ ஆக அனுப்பினால் கோப்பு மாறாமல் போகும்.

எங்கே வைத்திருப்பது?

ஒரே பென் டிரைவில் மட்டும் வேண்டாம். கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே, வேறு ஊரிலோ கிளவுடிலோ ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று கரையோர வீடுகளில் அல்பம், கசெட் எல்லாம் ஒன்றாகவே போயின என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஊருக்குப் பொதுவான பெறுமதி உள்ள பதிவென்றால் நூலக நிறுவனத்தையும் யோசியுங்கள். 2005இலிருந்து இயங்கும் அந்த எண்ணிம நூலகத்தின் ஆவணகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும் இருக்கின்றன.

பேசினவர் பிறகு ‘அந்தப் பகுதியை எடுத்துவிடு பிள்ளை’ என்கிறார். என்ன செய்வது?

எடுத்துவிடுங்கள். போர்க்காலத்தைப் பற்றி, காணாமல் போனவர்களைப் பற்றிப் பேசின இடங்களில் இது அடிக்கடி வரும். பகிரும் பிரதியில் மட்டும் எடுத்தால் போதுமா, மூலத்திலும் அழிக்க வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். ‘பீப்’ போடுவதைவிட முழுத் துண்டையும் எடுப்பது நல்லது, பீப் கேட்டவுடன் என்ன சொன்னார் என்று எல்லோரும் ஊகிக்கத் தொடங்குவார்கள். ஓடாசிட்டி 3.1 முதல் துண்டின் ஓரத்தை இழுத்துச் சுருக்கினால் ஒலி மறையுமே தவிர அழியாது, மறுபடி இழுத்தால் வந்துவிடும். ஆகவே அந்தப் பகுதியைத் தெரிவு செய்து டிலீட் அழுத்துங்கள். மற்றவருக்கு வேலைக் கோப்பைக் கொடுக்காமல் எக்ஸ்போர்ட் செய்த கோப்பை மட்டும் கொடுங்கள். மூலத்தையும் அழிக்கச் சொன்னால் ஹார்ட் டிஸ்க்கிலும் கிளவுடிலும் ரெக்கோடரின் கார்டிலும் இருக்கும் பிரதிகளையும் மறக்க வேண்டாம்.